நிரலுக்கு நேரம் சொல்வது யார்?

170 கோடி. கணினிகள் நேரத்தை எண்ணும் முறையில் இந்த எண் ஒரு குறிப்பிட்ட கணத்தைக் குறிக்கிறது. உலகப் பொது நேரமான யூடிசிப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவைப் பூஜ்ஜியமாக வைத்து விநாடிகளை எண்ணி வருகிறோம். அந்த எண்ணிக்கை 170 கோடியைத் தொட்டபோது லண்டனில் 2023 நவம்பர் 14, இரவு 10 மணி 13 நிமிடம் 20 விநாடி. டொரொன்டோவில் அதே நவம்பர் 14, மாலை 5:13:20. சென்னையில் நவம்பர் 15 பிறந்து, அதிகாலை 3:43:20 ஆகியிருந்தது.

கணம் ஒன்றுதான். ஆனால் இன்று என்ன தேதி என்று இந்த மூன்று ஊர்களில் கேட்டால் இரண்டு பதில்கள் வரும், இரண்டுமே சரியானவை. நிரல் எழுதுகிறவர் இப்போது நேரம் என்ன என்று கேட்க ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ஜாவாவில், பைத்தானில், சி ஷார்ப்பில் எல்லாம் "நவ்" என்று முடியும் ஒரு சிறு கட்டளை அது. அந்த வரிக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: எந்தக் கணம்? எந்த ஊரின் நேரம்? எந்தக் கடிகாரத்தைக் கேட்கிறோம்? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காததால் விளைந்த கோளாறுகள் ஏராளம். பிரித்துக் காட்டப் பொருள்நோக்கு நிரலாக்கம் நல்ல வழி ஒன்றைத் தந்திருக்கிறது. அந்த வழிக்கு வந்துசேர மொழிகளை உருவாக்கியவர்களுக்கே பல ஆண்டுகள் பிடித்தன.

கடிகாரம் எங்கே இருக்கிறது?

நிரலுக்குச் சொந்தமாக நேரம் தெரியாது. கணினியின் மதர்போர்டில் ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 கிடைக்கும் என்பதால், எளிய மின்சுற்று ஒன்றே அந்த அதிர்வை விநாடித் துடிப்பாக மாற்றிவிடும். கணினியை அணைத்தாலும் காசு அளவு பேட்டரி ஒன்று அதை ஓடவைக்கிறது. கணினி உயிர்பெறும்போது இயங்குதளம் அந்தக் கடிகாரத்தை ஒருமுறை படித்துக்கொள்ளும். பிறகு செயலிக்குள் இருக்கும் அதிவேக எண்ணியை வைத்துத் தானே கணக்கைத் தொடரும். லினக்ஸில் இந்தக் கணக்கின் அண்மை நிலை, எல்லா நிரல்களும் படிக்கக்கூடிய நினைவகப் பக்கம் ஒன்றில் வைக்கப்பட்டிருக்கிறது. நிரல் நேரம் கேட்டால் கர்னலுக்குள் நுழையாமலே சில பத்து நானோ விநாடிகளில் பதில் கிடைத்துவிடுகிறது.

வேகமான பதில் சரியான பதிலாகவும் இருக்க வேண்டுமே. சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகுவது இயல்பு. ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள் என்றால் 1.7 விநாடி தவறும். கவனிக்காமல் விட்டால் ஒரு மாதத்தில் முக்கால் நிமிடத்துக்கும் மேல். இதைத் திருத்தத்தான் என்டிபி என்னும் நெறிமுறையை பின்னாளில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் உருவாக்கினார். 1985-ல் அது முதன்முதலாக ஆவணமாக வெளிவந்தது. இன்று நம் கைபேசி, கணினி, சர்வர் என இணையத்தோடு இணைந்த பெரும்பாலான கருவிகள் இந்த வழியிலோ இதையொத்த வழியிலோதான் நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றன.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். நம் கணினி தன் கடிகாரப்படி சரியாக 10 மணிக்கு, அதாவது 0 மில்லிவிநாடியில், நேர சர்வருக்குக் கேள்வி அனுப்புகிறது. சர்வர் தன் கடிகாரப்படி 130-ஆவது மில்லிவிநாடியில் அதைப் பெறுகிறது, 131-ல் பதில் அனுப்புகிறது. நம் கணினிக்கு அது தன் கடிகாரப்படி 61-ஆவது மில்லிவிநாடியில் வந்து சேர்கிறது. போகும்போது தெரியும் வித்தியாசம் 130. திரும்பும்போது 131-லிருந்து 61-ஐக் கழித்தால் 70. இரண்டின் சராசரி 100. ஆக, நம் கடிகாரம் 100 மில்லிவிநாடி பின்தங்கியிருக்கிறது. கேள்வி போகவும் பதில் வரவும் ஒரே அளவு நேரம் பிடித்தது என்னும் அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. இயங்குதளம் இந்த 100 மில்லிவிநாடியைப் பொதுவாக ஒரே தாவலில் கூட்டாது. கடிகாரத்தைச் சற்று வேகமாக ஓடவிட்டு மெல்ல ஈடுசெய்யும். பிசகு பெரிதாக இருந்தால் தாவத்தான் வேண்டும். அந்தத் தாவல் முன்னோக்கியும் இருக்கலாம், பின்னோக்கியும் இருக்கலாம்.

எனவே "இப்போது" என்பது நிரலுக்கு வெளியிலிருந்து வரும் தரவு. பயனர் படிவத்தில் நிரப்பும் விவரத்தைச் சரிபார்த்து வாங்கும் நிரலாளர், நேரத்தை வாங்கும்போதும் அதே கவனத்தைக் காட்ட வேண்டும்.

ஜாவா கற்ற பாடம்

1996-ல் வெளிவந்த முதல் ஜாவா பதிப்பில் நேரத்துக்கென்று "டேட்" என்னும் கிளாஸ் இருந்தது. புதிதாக ஒரு டேட் ஆப்ஜெக்ட் உருவாக்கினால் அதற்குள் இந்தக் கணம் வந்து உட்கார்ந்துவிடும். எளிமையாகத்தான் தெரிந்தது. ஆனால் பெயர் தேதி என்றது, உள்ளே இருந்ததோ 1970 முதல் எண்ணப்பட்ட மில்லிவிநாடிகள். அதில் எந்த ஊர் என்ற தகவலே கிடையாது. அச்சிடச் சொன்னால் மட்டும் கணினியின் ஊர் நேரத்தை ஒட்டவைத்துக் காட்டும். பார்ப்பவர் அந்த ஊர் ஆப்ஜெக்டுக்குள் இருப்பதாக நம்பிவிடுவார்.

ஆண்டை அது 1900-லிருந்து எண்ணியது. மாதத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணியது. ஜனவரி என்றால் 0, டிசம்பர் என்றால் 11. நாளை மட்டும் 1-லிருந்து எண்ணியது. அதே அச்சில் வார்க்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் டேட்டிலும் இதே பழக்கங்கள் வந்து சேர்ந்தன. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது ஆண்டு எண்ணாக 100 என்று பதில் வர, அதன் முன்னால் 19 என்று ஒட்டவைத்திருந்த இணையப் பக்கங்கள் 19100 என்று காட்டின.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்று இருந்தது. டேட் ஆப்ஜெக்டை உருவாக்கிய பிறகும் அதன் மதிப்பை மாற்ற முடியும். ஒரு கடன் கணக்கின் தவணைத் தேதியை அறிக்கை தயாரிக்கும் இன்னொரு கிளாஸுக்குக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிளாஸ் தன் கணக்குக்காக அதில் ஒரு மாதத்தைக் கூட்டினால், கடன் கணக்கில் இருந்த தவணையும் சேர்ந்தே நகர்ந்துவிடும், ஏனென்றால் இருவர் கையிலும் இருப்பது ஒரே ஆப்ஜெக்ட். யார் மாற்றியது என்று தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

அடுத்து வந்த "கேலண்டர்" கிளாஸும் இதே வழியில் போனது. 2000-களின் தொடக்கத்தில் ஸ்டீபன் கோல்போர்ன் என்னும் நிரலாளர் ஜோடா டைம் என்ற திறமூல நூலகத்தை உருவாக்கினார். அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் கற்ற பாடங்களை வைத்து, அவரும் பங்கெடுத்த குழு புதிதாக ஒரு நேரத் தொகுப்பை வடிவமைத்தது. அந்தப் பணி 2007-ல் தொடங்கி, 2014 மார்ச்சில் ஜாவா 8-உடன் வெளிவந்தது. முதல் பதிப்புக்கும் இதற்கும் இடையே 18 ஆண்டுகள்.

புதிய தொகுப்பின் சிறப்பு, வெவ்வேறு பொருளுக்கு வெவ்வேறு கிளாஸ் என்று பிரித்ததுதான். "இன்ஸ்டன்ட்" என்பது கணம், ஊர் கிடையாது. "லோக்கல்டேட்" என்பது சுவர்க் காலண்டரில் இருக்கும் தேதி; மணி கிடையாது, ஊரும் கிடையாது. "லோக்கல்டேட்டைம்" தேதியையும் மணியையும் வைத்திருக்கும், ஆனால் எந்த ஊரின் மணி என்று அதற்குத் தெரியாது. "ஸோன்ட்டேட்டைம்" ஊரையும் சேர்த்து வைத்திருக்கும். இவற்றில் எதையும் உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. ஒரு மாதம் கூட்டினால் புதிய ஆப்ஜெக்ட் கிடைக்கும், பழையது பழையபடியே இருக்கும். பிறந்த நாளைக் கேட்கும் மெத்தடுக்கு ஒருவர் தவறுதலாக இன்ஸ்டன்ட்டைக் கொடுத்தால் கம்பைலரே தடுத்து நிறுத்தும். பொருள் மயக்கம் ஒன்று, நிரல் ஓடுவதற்கு முன்பே பிடிபட்டுவிடுகிறது.

எந்த ஊரின் நேரம்?

கோயம்பேடு சந்தையில் அதிகாலை 4 மணிக்கு ஒரு வியாபாரி பில் போடுகிறார். பில் மென்பொருள் ஓடுவது தொலைவில் இருக்கும் ஒரு சர்வரில். சர்வர்களை யூடிசி நேரத்தில் வைப்பதே வழக்கம். அங்கே அப்போது முந்தைய நாள் இரவு 10:30. ஊரைச் சொல்லாமல் இன்றைய தேதி என்ன என்று மட்டும் நிரல் கேட்டால் நேற்றைய தேதிதான் பில்லில் விழும். நள்ளிரவு முதல் காலை 5:30 வரை போடும் எல்லா பில்லுக்கும் இதே கதி. பகலில் சோதித்துப் பார்க்கும் நிரலாளர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. லோக்கல்டேட்டின் நவ் மெத்தடுக்கு "ஆசியா/கொல்கத்தா" என்று ஊர்ப் பெயரைக் கொடுத்தால் பிழை தீர்ந்துவிடும்.

ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. ஒரு ஊரின் நேரம் அரசாங்கங்கள் எடுத்த முடிவுகளின் வரலாறு. அந்த வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கிறது, ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி இப்போது பால் எக்கர்ட் பராமரித்துவரும் டைம்ஸோன் தரவுத்தளம். ஜாவா, லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. ஆசியா/கொல்கத்தாவின் நேரம் 1900 ஜனவரி 1-ல் யூடிசியிலிருந்து எவ்வளவு தள்ளியிருந்தது என்று ஜாவாவிடம் கேட்டால், 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று பதில் சொல்லும். அது மதராஸ் நேரம். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையை ஒட்டிக் கணிக்கப்பட்டு, இந்திய ரயில்களை ஓட்டிய நேரம். 1906-ல் ஐந்தரை மணி நேர வித்தியாசம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சில காலம் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கப்பட்டதும் அந்தத் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கிறது.

இலங்கையின் கதை இன்னும் அண்மையானது. 1996 மே மாதத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி யூடிசியோடு 6:30 வித்தியாசம் ஆக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அது 6:00 ஆனது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் 5:30. ஆகவே 1997-ல் கொழும்பில் காலை 6:10-க்குப் பிறந்தவருக்கு ஜாதகம் கணிக்கும் மென்பொருள், இன்றைய ஐந்தரை மணி நேரத்தையே கழித்தால், பிறந்த கணம் அரை மணி நேரம் பிசகிவிடும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அரை மணி நேரத்தில் லக்னம் ஏழெட்டுப் பாகை நகர்ந்து அடுத்த ராசிக்கே போய்விடக்கூடும். ஆசியா/கொழும்பு என்ற பெயரோடு கேட்டால் அந்த ஆண்டுக்கு உரிய வித்தியாசத்தை நிரல் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

எதிர்காலத்துக்கும் இது பொருந்தும். பசிபிக் தீவு நாடான சமோவா, சர்வதேசத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறுவதற்காக 2011 டிசம்பர் 30 என்ற நாளையே விட்டுவிட்டது. 29-க்கு அடுத்து அங்கே விடிந்தது 31. இப்படி எந்த நாடும் நாளைக்குத் தன் கடிகாரத்தை மாற்றலாம். நடந்து முடிந்ததைக் கணமாகச் சேமிப்பது நல்லது. அடுத்த ஆண்டு நடக்கவிருக்கும் கூட்டத்தையோ தேர்வையோ, உள்ளூர் தேதி, மணி, ஊர்ப் பெயர் மூன்றையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும்.

ஒருமுறை கேள்

நேரம் தொடர்பான பிழைகளில் மிக அற்பமாகத் தோன்றி, மிகக் கடுமையாகத் தாக்குவது ஒன்று உண்டு. ரசீது எழுதும் ஒரு மெத்தட், முதலில் இன்றைய தேதியைக் கேட்டு வாங்குகிறது. அடுத்த வரியில் இப்போதைய மணியைத் தனியாகக் கேட்டு வாங்குகிறது. இரண்டையும் சேர்த்துத் தரவுத்தளத்தில் எழுதுகிறது. மார்ச் 31 இரவு 11:59:59-ஐயும் தாண்டி 999-ஆவது மில்லிவிநாடியில் முதல் கேள்வி. பதில் மார்ச் 31. இரண்டு மில்லிவிநாடி கழித்து அடுத்த கேள்வி. பதில் நள்ளிரவு தாண்டி 0 மணி 0 நிமிடம் 0.001 விநாடி. சேர்த்து எழுதினால் மார்ச் 31-ஆம் தேதி தொடங்கிய கணம் பதிவாகிவிடும். நிதியாண்டின் கடைசி நொடியில் நடந்த பரிவர்த்தனை, கணக்கில் ஏறக்குறைய ஒரு முழு நாள் முன்னதாகப் போய் நிற்கும். அன்று பகலில் பதிவான எல்லாவற்றுக்கும் முன்னால் அது வரிசையில் ஏறிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. ஒரு செயலுக்கு ஒருமுறை மட்டுமே கணத்தைக் கேட்க வேண்டும். தேதி, மணி, ஆண்டு எல்லாவற்றையும் அந்த ஒரே இன்ஸ்டன்ட்டிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

அதேபோல, எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்க, மணி காட்டும் கடிகாரத்தை நம்பக் கூடாது. 2016 டிசம்பர் 31-ன் இறுதியில் உலகக் கடிகாரங்களில் ஒரு லீப் விநாடி சேர்க்கப்பட்டது. 1972 முதல் அப்படிச் சேர்க்கப்பட்டவை மொத்தம் 27. அதுவே இதுவரை கடைசி. அந்தக் கணத்தில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் மென்பொருள், இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்த்தபோது எதிர்மறை எண் வந்தது. நேரம் பின்னால் போகாது என்று நம்பி எழுதப்பட்ட நிரல் அது. அந்த எண்ணை ஏற்காத ஒரு செயல்கூறுக்கு அது போய்ச் சேர, மென்பொருளின் சில பகுதிகள் செயலிழந்தன. அந்த நிரல் எழுதப்பட்ட கோ மொழி, 2017-ல், பின்னால் போகவே போகாத எண்ணி ஒன்றையும் தன் நேரத்துக்குள் சேர்த்துக்கொண்டது. ஜாவாவில் இதற்கென்று நானோடைம் என்னும் தனி மெத்தட் உண்டு. அது மணியைச் சொல்லாது. இரண்டு கணங்களுக்கு இடையே கழிந்த நேரத்தை மட்டும் நாணயமாகச் சொல்லும். லீப் விநாடிகளைப் பொறுத்தவரை, 2035-க்குள் இந்தப் பழக்கத்தைக் கைவிடும் திசையில் எடை, அளவைகளுக்கான பன்னாட்டு மாநாடு 2022-ல் முடிவெடுத்திருக்கிறது.

கடிகாரமும் ஒரு ஆப்ஜெக்ட்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். நேரத்தை யாரிடம் கேட்கிறோம்? நவ் என்று நேரடியாக எழுதும் ஒவ்வொரு இடத்திலும் நிரல், தான் ஓடும் கணினியின் கடிகாரத்தோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்கிறது. அதன் பிறகு பிப்ரவரி 29-ல் நிரல் எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி 29 வரை காத்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு நாள் 2012-ல் வந்தது. மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் மேகக் கணினிச் சேவையில், புதிய மெய்நிகர் கணினி ஒவ்வொன்றும் ஓராண்டு செல்லும் சான்றிதழ் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். முடிவுத் தேதியைக் கணக்கிட, நடப்புத் தேதியின் ஆண்டில் ஒன்றைக் கூட்டினார்கள். 2012 பிப்ரவரி 29 யூடிசி நள்ளிரவில் அந்தக் கணக்கு 2013 பிப்ரவரி 29 என்று விடை தந்தது. அப்படி ஒரு நாளே இல்லை. சான்றிதழ் உருவாகவில்லை, கணினிகள் எழவில்லை, சேவை பல மணி நேரம் தடுமாறியது. ஜாவாவின் லோக்கல்டேட்டிடம் ஓராண்டைக் கூட்டச் சொல்லியிருந்தால் 2013 பிப்ரவரி 28 என்று சரியான தேதியைத் தந்திருக்கும். அதைவிட முக்கியம், இந்தப் பிழையை முந்தைய ஆண்டிலேயே பிடித்திருக்க முடியும் என்பதுதான்.

எப்படி? ஜாவாவின் புதிய தொகுப்பில் "கிளாக்" என்ற கிளாஸ் இருக்கிறது. சான்றிதழ் தயாரிக்கும் கிளாஸ் தன் கன்ஸ்ட்ரக்டரிலேயே ஒரு கிளாக் ஆப்ஜெக்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். நேரம் தேவைப்படும்போதெல்லாம் அதைத்தான் கேட்கும். உண்மையில் ஓடும்போது கணினியின் கடிகாரத்தைப் படிக்கும் கிளாக்கைக் கொடுப்போம். சோதனையின்போது, பிப்ரவரி 29-ல் நிறுத்தி வைத்த கிளாக்கைக் கொடுப்போம். சான்றிதழ் கிளாஸில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. தன்னிடம் இருப்பது எந்தக் கிளாக் என்று அதற்குத் தெரியவும் தெரியாது. பழைய கணினிகளின் 32 பிட் எண்ணி நிரம்பி வழியப்போகும் 2038 ஜனவரி 19-க்குக்கூட இப்படிப் போய், நம் நிரலும் தரவுத்தளமும் அந்தத் தேதியைத் தாங்குகின்றனவா என்று இன்றே பார்த்துவிடலாம்.

ஆப்ஜெக்ட் என்ற கருத்தின் முழுப் பயன் இங்கேதான் தெரிகிறது. வெளியுலகோடு பேசும் பொறுப்பை ஓர் ஆப்ஜெக்டிடம் ஒப்படைத்து, மற்ற கிளாஸ்கள் அதனிடம் மட்டும் பேசினால், வெளியுலகை வேண்டியபடி மாற்றிவைத்துச் சோதிக்க முடிகிறது. மற்ற மொழிகளும் தனித்தனி வழிகளில் இந்தப் பக்கமே வந்து சேர்ந்திருக்கின்றன. பிஎச்பி சமூகம் 2022-ல் கடிகாரத்துக்கென்று பொது இன்டர்ஃபேஸ் ஒன்றை ஏற்றுக்கொண்டது. டாட்நெட் 8-ல், 2023-ல், டைம்ப்ரொவைடர் என்ற கிளாஸ் வந்தது. அதே ஆண்டு பைத்தான் 3.12, ஊர்த் தகவல் இல்லாமல் யூடிசி நேரத்தைத் தரும் தன் பழைய மெத்தடைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கியது.

கல்லூரியில் நிரலாக்கம் கற்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைய தேதியையும் நேரத்தையும் திரையில் காட்டும் பயிற்சியைப் பெரும்பாலும் முதல் சில வகுப்புகளிலேயே கொடுத்துவிடுகிறோம். ஒரு வரியில் விடை வந்ததும் மாணவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். அங்கே இன்னும் ஒரு வகுப்பு நேரத்தைச் செலவிடுங்கள். அந்த வரிக்கு ஊர்ப் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தை வெளியிலிருந்து வாங்கும்படி திருத்தி எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே நிரலை மார்ச் 31 நள்ளிரவிலும் பிப்ரவரி 29-லும் நிறுத்திவைத்த கடிகாரங்களோடு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வு விண்ணப்பத்தின் கடைசித் தேதி, மருந்து கொடுத்த நேரம், கடன் தவணை, ரயில் முன்பதிவு எல்லாம் நாளை இந்த மாணவர்கள் எழுதும் அந்த ஒரு வரியை நம்பித்தான் நடக்கப்போகின்றன. அதைச் சரியாக எழுதத் தேவையான கருவிகள் இன்று எல்லாப் பெரிய மொழிகளிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் நம் வேலை.